தாபோ மடாலயத்துக்கு முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

இமாச்சலப் பிரதேசத்து மலையில் இருக்கும் தாபோ பௌத்த மடாலயத்தின் வாசலுக்கு வந்து நின்றதும் என் சித்தி கேட்ட முதல் கேள்வி, "இதுக்காடா நாலு நாளா வண்டியில உட்கார்ந்து வந்தோம்?" என்பதுதான். அவர் கேட்டதில் தப்பில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய கண்ணுக்கு வெளியே நின்றால் அங்கே ஒன்றும் கிடைக்காது. பூசி மெழுகிய மண் சுவர், தட்டையான மண் கூரை, சின்னதாக ஒரு கதவு, அக்கம்பக்கத்தில் மண்ணாலேயே ஆன சில ஸ்தூபிகள், அவ்வளவுதான். பின்னால் நிற்கிற மொட்டை மலையின் நிறமும் சுவரின் நிறமும் ஒன்று. முக்கால் மணி நேரம் கழித்து, "போலாம் சித்தி" என்று நான் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, "இருடா, இன்னும் அந்தப் பக்கம் பார்க்கலை" என்றார்.

தாபோவுக்குப் போகிறவர்கள் முதலில் சேர்த்துவைக்க வேண்டியது அவகாசம். உயரத்துக்குப் பழக உடம்புக்குச் சில நாள் வேண்டும். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்குச் சில நிமிடம் வேண்டும். இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் சுலபம். இரண்டில் ஒன்றைக் குறைத்தாலும் அவ்வளவு தூரம் போனது வீண். நான் முதல் தடவை போனபோது இரண்டையும் குறைத்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எங்கே இருக்கிறது, என்ன விசேஷம்

இமாச்சலப் பிரதேசத்தில், லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், ஸ்பிதி ஆற்றங்கரையில் சுமார் 3,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தாபோ கிராமம். மேற்குத் திபெத்தில் பூராங்-குகே நாட்டை ஆண்ட யேஷே ஓ என்ற அரசர் 996-ல் இந்த மடாலயத்தை நிறுவினார். 46 ஆண்டுகள் கழித்து, 1042-ல், அதே குலத்தில் வந்த ஜங்சுப் ஓ இதைப் புதுப்பித்தார். இந்தச் செய்தியை உள்ளே சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வரைந்த ஓவியங்களும் அன்றைக்குச் செய்த சுதை உருவங்களும் இன்றும் அதே சுவர்களில்தான் இருக்கின்றன. 1975-ல் வந்த பெரிய நிலநடுக்கம் இந்த வட்டாரத்தையே உலுக்கியது. மடாலயமும் சேதப்பட்டது, ஆனால் பழைய கோயில் நின்றுவிட்டது. அதன் பிறகு பக்கத்தில் புதிய வழிபாட்டுக் கூடம் கட்டினார்கள். 1983-லும், ஆயிரமாவது ஆண்டான 1996-லும் தலாய் லாமா இங்கே வந்து காலசக்கரம் என்ற பௌத்தத் தீட்சையை அளித்தார். இன்றும் இங்கே லாமாக்கள் வாழ்கிறார்கள், தினமும் வழிபாடு நடக்கிறது. பழைய கோயில்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன.

யேஷே ஓ பற்றி ஒரு செய்தி உண்டு. பௌத்த நூல்களைக் கற்று வருவதற்காக 21 இளைஞர்களை அவர் காஷ்மீரத்துக்கு அனுப்பினாராம். கீழே இறங்கிய இடத்து வெப்பத்திலும் நோயிலும் பெரும்பாலோர் இறந்துபோக, இரண்டே பேர்தான் திரும்பி வந்தார்கள் என்று திபெத்திய வரலாறு சொல்கிறது. அந்த இருவரில் ஒருவர்தான் பெரிய மொழிபெயர்ப்பாளர் என்று கொண்டாடப்படும் ரின்சென் சாங்போ. தாபோவின் மரபிலும் அவர் பெயர் கலந்திருக்கிறது. மலையில் பிறந்த உடம்பு சமவெளிக்கு இறங்கியபோது அந்தப் பாடு பட்டது என்றால், சமவெளியில் பிறந்த உடம்பு மலைக்கு ஏறும்போது என்ன பாடு படும் என்பதைக் கிளம்பும் முன்பே யோசித்துவிடுவது நல்லது.

எந்த மாதம்

மே கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பாதி வரை போகலாம். என்னைக் கேட்டால் செப்டம்பர். ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம், அங்கே மழை குறைவு. ஆனால் அங்கே போய்ச் சேர சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாக ஏறும் சாலையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மண்சரிவு அதிகம். நாக்கோ என்ற ஊரை ஒட்டியுள்ள மல்லிங் நாலா என்ற இடம் இதற்குப் பேர்போனது. செப்டம்பரில் மழை ஓய்ந்திருக்கும், சாலை திறந்திருக்கும், தாபோவில் ஆப்பிள் பழுத்திருக்கும். குளிர்காலத்தில் போகிறவர்களும் உண்டு. முதல் தடவைக்கு அது வேண்டாம்.

எந்த வழி

வழி இரண்டு. மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாக வந்து, குன்சும் கணவாயைத் தாண்டி ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில் இறங்கி, அங்கிருந்து தாபோவுக்கு வருவது ஒன்று. சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றோடு கின்னௌர் வழியாக ஏறுவது இன்னொன்று. தூரத்தைப் பார்த்தால் மணாலி வழி குறைவு. அதைப் பார்த்துத்தான் முதல் தடவை நான் ஏமாந்தேன். "ஒரே நாள்ல காசா போயிடலாம் சார்" என்று வண்டி ஏற்பாடு செய்தவர் சொன்னார், நானும் ஏறிவிட்டேன். சுமார் 2,050 மீட்டரில் காலைச் சாப்பாடு, 4,500 மீட்டருக்கு மேல் கணவாய், சுமார் 3,650 மீட்டரில் ராத்திரிப் படுக்கை. தூக்கம் எங்கே வரும்? மண்டை வெடிக்கிற வலி, வாந்தி. இரண்டு நாள் காசாவில் ஒரு அறையில் சுருண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் திரும்பும் அவசரத்தில் தாபோவில் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே என்ன பார்த்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அதனால் ஏறும்போது கின்னௌர் வழி. இதில் இரண்டாம் பேச்சே வேண்டாம். இறங்கும்போது உடம்பு பழகியிருக்கும், அப்போது விருப்பமிருந்தால் குன்சும் வழியாக மணாலிக்கு இறங்கலாம்.

சித்தியோடு போனபோது இப்படிப் போனோம். சென்னையிலிருந்து சண்டிகருக்கு விமானம். ரயிலில் போகிறவர்கள் டெல்லி போய் அங்கிருந்து கால்காவுக்கு மாறலாம். கால்கா முதல் சிம்லா வரை மலை ரயில் இருக்கிறது, நேரமிருந்தால் விடாதீர்கள். முதல் ராத்திரி நார்கண்டாவில், சுமார் 2,700 மீட்டர். இரண்டாம் நாள் ராம்பூர் தாண்டி ரெக்காங் பியோ, அதற்கு மேலே கல்பா கிராமம், சுமார் 2,960 மீட்டர். மூன்றாம் நாள் எங்கும் போகாமல் கல்பாவிலேயே இருந்தோம். எதிரே கின்னர் கைலாசம். காலை வெயில் அதன் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு, மத்தியானம் ஆப்பிள் தோட்டத்துக்குள் மெதுவாக நடந்துவிட்டுத் தூங்கினோம். அந்த ஒரு நாள் ஓய்வுதான் பின்னால் வந்த நாட்களையெல்லாம் காப்பாற்றியது.

நான்காம் நாள் விடியற்காலையில் கிளம்பினோம். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் வந்து கலக்கிறது. அங்கே பாலம் தாண்டியதும் சாலை சுற்றிச் சுற்றி நாக்கோவுக்கு ஏறுகிறது. நாக்கோ சுமார் 3,660 மீட்டர். பலபேர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். நான் சொல்வது, நாக்கோவில் மதியச் சாப்பாடு முடித்து, ஏரிக்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, அன்றைக்கே தாபோ போய்விடுங்கள் என்பதுதான். தாபோ நாக்கோவைவிடத் தாழ்ந்த இடம். பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு ராத்திரி தாழ்வில் படுப்பது உடம்புக்கு நல்லது. இந்தச் சாலையே அதைச் செய்துகொடுக்கிறது.

பேருந்தில் போகிறவர்களுக்கு: சண்டிகரிலிருந்தும் சிம்லாவிலிருந்தும் ரெக்காங் பியோவுக்கு அரசுப் பேருந்துகள் உண்டு. பியோவிலிருந்து காசாவுக்குக் காலையில் கிளம்பும் பேருந்து தாபோ வழியாகத்தான் போகிறது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். முதல் நாள் சாயங்காலமே நிலையத்தில் விசாரித்துவிட்டு, காலையில் நேரத்தோடு போய் வரிசையில் நில்லுங்கள்.

அனுமதி, பணம், அடையாள அட்டை

இந்தியக் குடிமக்களுக்கு இந்த வழியில் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. சும்தோ சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்பார்கள், ஆதார் போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் கவனிக்க: ரெக்காங் பியோவுக்கும் காசாவுக்கும் நடுவே எல்லையை ஒட்டிய பகுதி இருப்பதால் உங்களுக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையில் போய் மாட்டிக்கொள்ளாதபடி நாளைக் கணக்கிடுங்கள்.

ரொக்கம் கையில் இருக்கட்டும். பியோவிலும் காசாவிலும் ஏடிஎம் இருக்கிறது, ஆனால் மின்சாரமோ இணைப்போ போனால் அதை நம்ப முடியாது. வீட்டுக்குப் போன் செய்வதைக் கல்பாவிலேயே முடித்து, "ரெண்டு நாள் பேசலைன்னா பயப்படாதீங்க" என்று சொல்லிவைத்துவிடுங்கள்.

உயரம்

3,000 மீட்டருக்கு மேல் போனால் லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கெடுவது எல்லாம் பலருக்கும் வரும். வந்தால் அன்றைக்கு மேலே ஏறாதீர்கள், அங்கேயே இருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. முதல் நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம், குளிர் உடம்பில் ஏறிவிடும். படி ஏறினால்கூட நின்று நின்று ஏறுங்கள். டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் மாத்திரை பழகுவதற்கு உதவும், ஆனால் அதை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் அதைச் சொல்லுங்கள். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சரி என்று சொல்லாமல் கிளம்பக் கூடாது.

நடை தள்ளாடுகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது சாதாரணத் தலைவலி கிடையாது. உடனே தாழ்வான இடத்துக்கு இறக்க வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தாபோவிலிருந்து கின்னௌர் பக்கம் இறங்க வேண்டுமென்றாலும் நாக்கோ மேட்டை ஏறித்தான் இறங்க வேண்டும். அதனால் முற்றட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

பையில் கம்பளி உடை, கழுத்தையும் காதையும் மூடும் குல்லாய், வெயில் கண்ணாடி, வெயில் களிம்பு, உதட்டுக்குத் தடவ ஏதாவது. கூடவே இரண்டு ஜோடி கனமான காலுறை. காலுறை எதற்கு என்று உள்ளே போனதும் தெரியும்.

மடாலயத்துக்குள்

தாபோவில் குறைந்தது இரண்டு ராத்திரி தங்குங்கள். மடாலயத்தின் விருந்தினர் இல்லம் இருக்கிறது, ஊருக்குள் வீடுகளிலும் அறை கிடைக்கும். சேர்ந்த அன்றைக்கே கோயிலுக்குள் ஓட வேண்டாம். வெளியே ஸ்தூபிகளைச் சுற்றிவிட்டு வந்து, ஒரு கிண்ணம் துக்பா என்ற நூடுல்ஸ் சூப் சாப்பிட்டுப் படுங்கள். எதிரே லாமா யாராவது வந்தால் "ஜூலே" என்று சொல்லுங்கள். வணக்கம், நன்றி இரண்டுக்கும் அந்த ஒரு சொல் போதும்.

மறுநாள் காலை புதிய கூடத்தில் நடக்கும் வழிபாட்டில் போய் உட்காரலாம். நேரத்தை முந்தின நாளே கேட்டுவையுங்கள். சுவரோரமாக உட்காருங்கள், லாமாக்களின் மெத்தைகளில் உட்காராதீர்கள், அவற்றைத் தாண்டிப் போகவும் கூடாது. பீடத்தைப் பார்த்துக் காலை நீட்டக் கூடாது. நம் கோயிலில் எதெல்லாம் கூடாதோ அதெல்லாம் அங்கேயும் கூடாது என்று வைத்துக்கொண்டால் பாதி சரியாகிவிடும். வலம் வருவதும் நம்மைப் போலத்தான், ஸ்தூபியும் மணிச்சக்கரம் என்ற பிரார்த்தனைச் சக்கரமும் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும்.

அப்புறம்தான் பழைய கோயில். சுக்லாகாங் என்று சொல்வார்கள். சாவி ஒரு லாமாவிடம் இருக்கும். பூட்டியிருந்தால் கதவைத் தட்டாமல் கொஞ்சம் காத்திருங்கள், யாரிடமாவது சொன்னால் வருவார். செருப்பைக் கழற்றியதும் தரையின் சில்லிப்பு நேரே எலும்புக்கு ஏறும். காலுறை அதற்குத்தான். உள்ளே படம் எடுக்கக் கூடாது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். எனக்கும் முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் போன் இல்லாததால்தான் அந்தச் சுவர்களைக் கண்ணால் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. கூரையில் ஒரு சின்னத் திறப்பு, அதிலிருந்து இறங்கும் வெளிச்சம்தான் எல்லாம். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் "இருட்டா இருக்கு" என்று திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். பேசாமல் ஒரு பத்து நிமிடம் அப்படியே நில்லுங்கள். முதலில் மங்கலாக ஒரு கை தெரியும். தோள் உயரத்துக்கும் மேலே, சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு, காற்றில் அமர்ந்ததுபோல ஓர் உருவம். அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் சுவர் முழுக்க. சுதையால் செய்து சுவரோடு பொருத்திய 32 உருவங்கள் கூடத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. நடுவே ஒரே தாமரையில் முதுகோடு முதுகாக, நான்கு உருவங்களாக நான்கு திசை பார்த்து அமர்ந்த வைரோசனர் என்ற புத்தர். அந்த 32 பேரும் இவரைச் சூழ்ந்த மண்டலம், அதாவது நடுவில் ஒரு தெய்வமும் சுற்றிலும் பரிவாரமுமாக அமைக்கும் பௌத்த வடிவம். துணியில் வரைய வேண்டிய மண்டலத்தை ஒரு கூடமாகவே கட்டியிருக்கிறார்கள். நாம் அதற்குள் நிற்கிறோம். சித்தி அண்ணாந்து விரலை விட்டு எண்ணிக்கொண்டே போனார். இருபதைத் தாண்டியதும் கணக்கு தப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இப்போது இடப்பக்கச் சுவரிலிருந்து தொடங்கி மெதுவாக வலம் வாருங்கள். சுதை உருவங்களுக்குக் கீழே நீளமாக ஒரு கதை ஓடுகிறது. கண்டவியூக சூத்திரம் என்ற பௌத்த நூலில் வரும் சுதனன் என்ற வணிகர் மகனின் யாத்திரை அது. ஞானம் தேடிக் கிளம்பிய அந்தப் பையன் குருமார் ஒவ்வொருவராகப் பார்த்து, ஒருவர் சொல்ல அடுத்தவரிடம் என்று தெற்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறான். அவன் சந்திக்கும் குருமாரில் ஒருவர் பெயர் மேகன், திரமிட நாட்டில் வஜ்ரபுரம் என்ற ஊரில் எழுத்துக் கற்பிக்கும் திராவிடர் என்று அந்தச் சூத்திரம் சொல்கிறது. பிற்பாடு கருணைக்குரிய போதிசத்துவரான அவலோகிதேசுவரரை அவன் காணும் பொதலக மலையை நம் பொதிகை மலையோடு சேர்த்துப் பேசும் ஆய்வாளர்களும் உண்டு. தெற்கே வந்த ஒருவனின் கதையை வடக்கே இவ்வளவு உயரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத் தெற்கேயிருந்து நாம் போகிறோம். இதைச் சித்தியிடம் மெதுவாகச் சொன்னபோதுதான் அவர் சுவருக்குப் பக்கத்தில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

கையைப் பின்னால் கட்டிக்கொள்வதை நீங்களும் செய்யுங்கள். அந்தச் சுவர் மண். மண் பூச்சின் மேல் ஏறிய வண்ணம் விரல் பட்டாலே உதிரும். தோள்பை உரசினாலும் அப்படித்தான், அதனால் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். டார்ச் அடித்தால் சின்ன வெளிச்சமாக, ஓரிடத்தில் நிறுத்தாமல், கேட்டுவிட்டு அடியுங்கள். உருவங்களின் இடுப்புத் துணியில் தீட்டிய பூவேலை வரை அந்தச் சின்ன வெளிச்சத்திலேயே தெரியும்.

கோடியில் கருவறை போன்ற பகுதியும் அதைச் சுற்றி வலம் வரும் வழியும் இருக்கின்றன. "நம்ம ஊர் பிரகாரம் மாதிரியே இருக்கேடா" என்றார் சித்தி. பிறகு வலப்பக்கச் சுவரில் புத்தரின் வாழ்க்கை. வெளியே வரும்போது முன்கூடத்தில் மறுபடி நில்லுங்கள். போகும்போது இருட்டில் தாண்டிய இந்தச் சுவர்களில்தான் 996-ஐச் சேர்ந்த மிகப் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பவற்றில் பெரும்பாலானவை 1042-ல் புதுப்பித்தபோது வந்தவை. காவல் தெய்வங்களுக்கான தனி அறைக்குள் கேட்காமல் நுழைய வேண்டாம்.

காணிக்கைப் பெட்டி இருக்கும். மண் கூரைக்கு ஒவ்வொரு மழையும் செலவு. உங்களால் முடிந்ததைப் போடுங்கள்.

அன்று சாயங்காலம்

சாலைக்கு அந்தப்பக்கம் மலைச்சரிவில் குகைகள் தெரியும். லாமாக்கள் தியானத்துக்குப் பயன்படுத்தியவை. ஏறுவதற்கு இருபது நிமிடம் என்றால் நீங்கள் நாற்பது வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து பார்த்தால் மடாலயமும் ஊரும் ஆப்பிள் மரங்களும் ஆறும் ஒரே பார்வையில் அடங்கும். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை யாராவது கொடுத்தால் தேநீர் என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடியுங்கள், பிடித்துப்போகும்.

இன்னொரு முறை பழைய கோயிலுக்குள் போக மறுநாள் காலையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை கண் சீக்கிரமே பழகிவிடும், முதல் நாள் விட்டதெல்லாம் தெரியும். அதன் பிறகு டங்கர், காசா, கீ மடாலயம் என்று மேலே போகலாம். டங்கர் சுமார் 3,900 மீட்டர், கீ சுமார் 4,166. தாபோவில் இரண்டு ராத்திரி தூங்கிய உடம்பு அதைத் தாங்கும். காசாவுக்குச் சுமார் 47 கிலோமீட்டர்தான். பியோவிலிருந்து வரும் பேருந்து மதியத்துக்கு மேல் தாபோவைத் தொடும், சரியான நேரத்தைச் சாலையோரக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பரில் போயிருந்தால், காத்திருக்கிற நேரத்தில் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.